எழுத்து உள்ளே போன துண்டுகள்

செய்தி வந்தபோது நான் நாற்காலிக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். குத்தம்பாக்கம் பக்கம் ஒரு விருந்து மண்டபத்துக்கு நான் இப்போது மேலாளர். அன்று மதியம் அங்கே ஒரு நிச்சயதார்த்தம். முந்நூறு நாற்காலி கேட்ட இடத்தில் பாதியை மட்டும் இறக்கிவிட்டு, "மீதி வந்துகினே கீது சார்" என்று அவர் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். கைப்பேசி அடித்தது. தனசேகர். அம்பத்தூர் ஓட்டலில் என்னோடு பல வருடம் கேப்டனாக, அதாவது பரிமாறுபவர்களுக்குத் தலைவராக இருந்தவர். "சார், கன்னிம்மா அக்கா போய்ட்டாங்க" என்றார். "எங்கே போனாங்க?" என்று கேட்டுவிட்டேன். அதே ஓட்டலில் எங்களோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு மாதம் ஒரு கோயில் சுற்றுலா என்று அவர் கிளம்பிக்கொண்டே இருந்ததால் எனக்கு அப்படித்தான் கேட்கத் தோன்றியது. தனசேகர் மூக்கை உறிஞ்சினார். நான் நாற்காலிக்காரரிடம், "சரிங்க, இருக்கிறதைப் போடுங்க" என்று சொல்லிவிட்டு, இறக்கியதில் ஒன்றை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

காலையில் காபி குடித்துவிட்டு, மாரை அழுத்துகிறது என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம். சேக்காட்டில் அவர் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது தெரு முழுக்க நம் ஓட்டல் ஆட்கள். ஓட்டல்காரனுக்கு ஒரு வியாதி உண்டு. நாலு பேர் கூடிய இடத்தில் அவனால் சும்மா உட்கார முடியாது. ஒருவர் நாற்காலிகளை நூல் பிடித்தமாதிரி வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். இன்னொருவர் தண்ணீர் கேன் தீர்கிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தார். தனசேகர் கண்ணைத் துடைத்துக்கொண்டே காலி டீ கப்புகளை, ஓட்டல் விதிப்படி, வலப்பக்கமாக வந்து எடுத்தார். கன்னியம்மாளின் கணவர் ஆவடியில் படைத்துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னா சார், எழவு ஊட்ல கூட உங்காளுங்க சர்வீஸ் பண்றாங்க. அவ பாத்தான்னா சிரிச்சே செத்துருப்பா" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. அவரே முதலில் சிரித்தார், பிறகு அழுதார்.

பதினாறாம் நாளுக்கு ஒரு சின்ன மலர் அச்சடிக்கிறோம், நீங்களும் எழுதுங்கள் என்று தனசேகர் கேட்டபோது கூடவே ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார். "சார், தெய்வம் தேவதைன்னு எழுதாதீங்க. அக்காவுக்குப் பிடிக்காது." சரிதான். கன்னியம்மாள் தெய்வம் இல்லை. ஆவடி வண்டியில் ஜன்னல் சீட்டுக்காக அவர் போட்ட சண்டைகளைப் பெண்கள் பெட்டியில் இன்றும் பேசிக்கொண்டிருப்பார்கள். பாக்குப் போடுவார். யார் குழம்பையும் நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள மாட்டார். அவரைப் பற்றி எழுதவேண்டும் என்றால் என்னைப் பற்றியும் எழுதியாக வேண்டும். அதில்தான் எனக்குக் கொஞ்சம் கூச்சம்.

நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் லினன் ரூமுக்குப் பொறுப்பு. அறைகளுக்கான படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் சலவையிலிருந்து வந்து சேரும் இடம். தரைத்தளத்தில், சமையலறைக்கும் லிப்டுக்கும் நடுவில், ஜன்னல் இல்லாத ஓர் அறை. ஓட்டலில் வேலை பார்ப்பவன் விருந்தாளி முன்னால் முகம் சுளிக்கக்கூடாது. அவர் திட்டினாலும் "சாரி சார்", தட்டைத் தள்ளினாலும் "சாரி சார்". அந்த முகத்தை எங்கேயாவது கொஞ்ச நேரம் கழற்றி வைத்தாகவேண்டும். அதற்கு நம் ஓட்டலில் இருந்த ஒரே இடம் கன்னியம்மாளின் அறை. வரவேற்பில் இருக்கும் பெண்கள், பரிமாறுகிறவர்கள், அறை சுத்தம் செய்கிறவர்கள், எல்லாரும் அங்கேதான் போய் அழுதார்கள்.

அழ வந்தவரை அவர் "இன்னா ஆச்சு" என்று கேட்டதே இல்லை. ஸ்டூலைக் காட்டுவார். உலர்த்தியிலிருந்து அப்போதுதான் வந்த கைத்துண்டுகளை, சூடு ஆறாமல், ஒரு குவியலாக மடியில் போட்டுவிடுவார். "மடி" என்பார். அவ்வளவுதான். அவர் தன் வேலையைப் பார்ப்பார், வந்தவர் அழுதுகொண்டே மடிப்பார். ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. "அதுல மூக்கு சிந்தாத, அது கெஸ்ட்டு துண்டு. இந்தா, அழுவுறதுக்குத் தனியா துணி வெச்சிகினு கீறேன்" என்று பழைய விரிப்பைக் கிழித்த துண்டு ஒன்றை நீட்டுவார். பாதிப் பேருக்கு அங்கேயே சிரிப்பு வந்துவிடும்.

அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. "இருவது மடிச்சா அடங்கிடும். நாப்பது மடிச்சும் அடங்கலன்னா ஊட்டுக்குப் போவணும். தெனம் தெனம் வந்து நாப்பது மடிச்சா டாக்டராண்ட போவணும்." நாற்பதைத் தாண்டினால் அவரே எழுந்து அந்தப் பிரிவின் மேலாளரிடம் போவார். விளக்கமெல்லாம் சொல்ல மாட்டார். "அந்தப் புள்ளைய இன்னிக்கு அனுப்பிச்சிடு சார்" என்பார். மூன்றாவது வகைக்கு நம்மிடையே சாட்சி இருக்கிறது. தன் பெயரைப் போட்டே எழுதும்படி அவரே சொன்னதால் எழுதுகிறேன். தனசேகர் ஒரு கோடையில் மூன்று வாரம் தொடர்ந்து துண்டு மடித்தார். சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன பயன் என்று பேச ஆரம்பித்தார். கன்னியம்மாள் மறுநாளே விடுப்புப் போட்டு அவரை அரசு மருத்துவமனைக்கு, மனநலப் பிரிவுக்கு, கூட்டிக்கொண்டு போனார். வரிசையில் நிற்கும்போது தனசேகர், "அக்கா, என்னைப் பைத்தியம்னு சொல்லிடுவாங்களா?" என்று கேட்டாராம். "பல்லு வலிச்சா பல்லு டாக்டரு. அங்க போனவன இன்னா பல்லன்னா சொல்றாங்க? மூடிகினு நில்லு" என்றாராம் இவர். மாத்திரை, பேச்சு, தூக்கம் என்று எட்டு மாதத்தில் மனிதர் தேறினார். இழவு வீட்டில் இதை அவரே எல்லாரிடமும் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி என் பங்கு. நான் அப்போது உணவுப் பிரிவு மேலாளர். எனக்குக் குரல் சீக்கிரம் ஏறும். கிண்ணம் சரியாகத் துடைக்கவில்லை என்றால் கத்துவேன், துடைத்திருந்தால் ஏன் இவ்வளவு நேரம் என்று கத்துவேன். கத்தினால்தான் வேலை நடக்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் கத்தித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். வாரத்தில் இரண்டு நாள் அறைகளைச் சோதிப்பதும் என் முறை. கைத்துண்டின் ஓரத்தில் ஓட்டலின் பெயர் நெய்திருக்கும். மடிக்கும்போது அந்த எழுத்து வெளியே தெரியவேண்டும் என்பது விதி. பல அறைகளில் எழுத்து உள்ளே போயிருந்தது. ஒருநாள் அப்படிப்பட்ட துண்டுகளை அள்ளிக்கொண்டு போய் லினன் ரூம் மேசையில் எறிந்தேன். "யார் மடிச்சது இது? கண்ணு தெரியலையா?" என்று கத்தினேன்.

கன்னியம்மாள் பாக்கை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார். "அது உங்க துண்டு சார்" என்றார்.

"என் துண்டா?"

"கண்ணுல தண்ணி வெச்சிகினு மடிச்சா எழுத்து உள்ள பூடும் சார். நான் பிரிச்சி மறுபடி மடிச்சித்தான் அனுப்புவேன். நீங்க ரவுண்டு வர்ற அன்னிக்கு நெறைய சேந்துடுது. என்னால மாள முடில."

நான் வெளியே வந்தேன். திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு லினன் ரூம் அம்மாள் எனக்குப் பாடம் எடுப்பதா என்று பொருமினேன். அந்த வாரம் கூடுதலாகவே கத்தினேன் என்று நினைக்கிறேன்.

பிறகு ஒரு ஞாயிறு மதியம், கீழ் ஹாலில் ஒரு காதுகுத்து விருந்து. சொன்ன ஆட்களைவிட அதிகம் பேர் வந்ததில் ஐஸ்கிரீம் தீர்ந்துவிட்டது. குழந்தையின் மாமாவோ சித்தப்பாவோ, யாரோ ஒருவர், என் டையைப் பிடித்து இழுத்து, இங்கே எழுத முடியாத வார்த்தைகளில் என்னைத் திட்டினார். என்னிடம் வேலை பார்க்கும் அத்தனை பேரும் தட்டுகளோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜி.எம்., அதாவது ஓட்டலின் பொது மேலாளர், இறங்கி வந்து என்னையே மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்டேன். சிரித்துக்கொண்டே கேட்டேன். அதன் பிறகு வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போய்க் கொஞ்சம் காற்று வாங்கலாம் என்றுதான் நடந்தேன். கால் லினன் ரூமுக்குப் போய்விட்டது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். என் டை கோணலாக இருந்திருக்கும். எழுந்து நிற்கவும் இல்லை, "வாங்க சார்" என்று சொல்லவும் இல்லை. ஸ்டூலைக் காட்டினார். மடியில் சூடான துண்டுகள் விழுந்தன. நாற்பது வயதுக்கு மேல் யாரும் என் மடியில் எதையும் வைத்து என்னை உட்காரச் சொன்னதில்லை. நான் அழுதேன். கொஞ்சமாக என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நன்றாகவே அழுதேன். கை தன் பாட்டுக்கு மடித்தது. முடித்தபோது அவர் என் அடுக்கை எண்ணிப் பார்த்துவிட்டு, "பதினேழு சார். பதினேழும் எழுத்து உள்ள" என்றார்.

"மன்னிச்சிக்குங்க அக்கா" என்றேன். அதுவரை நான் அவரை அக்கா என்று கூப்பிட்டதில்லை.

"எல்லாருக்கும் அப்டித்தான் பூடும். மூஞ்சி கழுவிகினு போங்க" என்றார். மறுநாள் என்னைப் பார்த்தபோதும் எதையும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. அந்த மரியாதை எனக்குப் பெரிதாகப் பட்டது. அன்றிலிருந்து என் குரல் கொஞ்சம் இறங்கியது. கொஞ்சம்தான்.

ஒரு மாதம் போயிருக்கும். ஊழியர்களின் மனநலம் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்து, ஓர் ஆலோசகர் அம்மையார் படிவங்களோடு வந்தார். நல்லவர். ஆனால் அவருடைய படிவத்தின் தலைப்பில் ஊழியர் எண் எழுதக் கட்டம் இருந்தது. எண் போட்ட காகிதத்தில் எவன் உண்மை எழுதுவான்? 'பணியிடத்தில் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா' என்ற கேள்விக்கு எல்லாரும் 'மிகவும்' என்ற கட்டத்தில் டிக் அடித்தார்கள். அடித்த வேகத்தில் மேலிருந்து கீழாக அதே கட்டத்தில் டிக் அடித்துக்கொண்டே போய், 'தூக்கம் வராமல் தவிப்பதுண்டா' என்பதற்கும் 'மிகவும்' என்று முடித்தார்கள். ஆலோசகர் இதைச் சுட்டிக்காட்டினார். ஜி.எம். அதை நம் ஆட்களின் ஒற்றுமை என்று எடுத்துக்கொண்டார்.

இந்தச் சந்தோஷத்தில் அவருக்கு ஒரு யோசனை. எல்லாரும் இவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கும்போது லினன் ரூமில் எதற்குக் கூட்டம்? வேலை நேரம் வீணாகிறது. கதவுக்கு எண் பூட்டுப் போட்டு, துண்டுகளை ஒரு சின்ன ஜன்னல் வழியாகக் கொடுத்தால் போதும். உள்ளே யாரும் போகக்கூடாது. கன்னியம்மாளைச் சலவைப் பக்கம் மாற்றிவிடலாம். இதை முடிவு செய்யப் பிரிவு மேலாளர்கள் கூட்டம் ஒன்று போட்டார். விளக்கம் சொல்லக் கன்னியம்மாளையும் கூப்பிட்டார். அந்தக் கதவு மூடினால் தனசேகரைப் போன்ற ஒருவர் அடுத்து எங்கே போவார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் எங்கே போவேன் என்றும் தெரியவில்லை.

கன்னியம்மாள் ஒரு தள்ளுவண்டியோடு கூட்டத்துக்குள் நுழைந்தார். வண்டி நிறையக் கைத்துண்டுகள். "சார், எல்லாம் சந்தோசமா கீறாங்கன்னு பேப்பர்ல கீதாமே. இது போன வாரத்துது. நான் ஒண்ணத்தையும் பிரிச்சி மடிக்கல. எல்லாத்துலயும் எழுத்து உள்ள கீது பாருங்க. இத்தினியும் அழுதுகினே மடிச்சது" என்றார்.

ஜி.எம். வண்டியைப் பார்த்தார். "யார் யார் மடிச்சது? பேர் சொல்லுங்க, நான் கூப்பிட்டு விசாரிக்கிறேன்" என்றார்.

"பேர் சொல்ல மாட்டேன் சார். பேர் சொன்னா நாளைக்கு ஒருத்தரும் வர மாட்டாங்க."

"பேர் இல்லாம நான் எப்படி நம்புறது? நீங்களே மடிச்சுக் கொண்டுவந்திருக்கலாமே."

கன்னியம்மாளின் முகம் சிவந்ததை அன்றுதான் பார்த்தேன். வாயில் வார்த்தை வந்துவிட்டது, பாக்கோடு சேர்த்து விழுங்கினார். சண்டைக்காரர், எதையாவது சொல்லிவிட்டிருந்தால் வேலை போயிருக்கும். சொல்லாமல் நின்றால் அறை போய்விடும். மேசையைச் சுற்றி இருந்த நாங்கள் எல்லாரும் எங்கள் டைரிகளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சார், நம்பலாம்" என்று எழுந்தேன். "போன மாசம் அந்த ரூம்ல நான் உட்கார்ந்து அழுதேன். பதினேழு துண்டு. காதுகுத்து அன்னிக்கு." எல்லாரும் நிமிர்ந்தார்கள். அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் ஆரம்பித்த பிறகு பாதியில் நிறுத்த மனம் வரவில்லை. "இந்த வண்டியில என் துண்டு ஒண்ணும் இல்ல. ஆனா பாதிக்கு மேல நான் கத்தினதால வந்தது."

பிறகு சமையலறைக்குத் தலைவரான செஃப், மலை மாதிரி ஆள், தொண்டையைச் செருமினார். "எனக்கும் அங்க ஒரு முப்பது இருக்கும் சார்" என்றார். அவர் குரலில் முப்பது என்பது பிரியாணித் தட்டு எண்ணிக்கை மாதிரி ஒலித்ததில் யாரோ பக்கென்று சிரித்துவிட்டார்கள். கன்னியம்மாளும் சிரித்தார். "முப்பது இல்ல செஃப்பு, நாப்பத்தொண்ணு. ஊட்டுக்குப் போன்னேன், நீதான் போவல" என்றார்.

ஜி.எம். கெட்டவர் இல்லை. தப்பாக எடுத்த முடிவை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும். அவர் வண்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்தார், பிரித்தார், ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தார். "எழுத்து எந்தப் பக்கம் வரணும்?" என்று கன்னியம்மாளிடம் கேட்டார். அக்கா பக்கத்தில் போய் மடித்துக் காட்டினார். பூட்டுப் பேச்சு அத்தோடு போயிற்று. படிவத்திலிருந்து எண் கட்டம் போயிற்று. ஊழியர் மேல் கைவைக்கும் விருந்தாளியிடம் இனி நாம் மன்னிப்புக் கேட்பதில்லை என்று அறிவிப்புப் பலகையில் ஒரு வரி ஏறியது. அந்த ஆலோசகர் வாரம் ஒருநாள் வந்தார். அவரும் ஸ்டூலில் உட்கார்ந்து துண்டு மடித்துக்கொண்டேதான் பேசுவார். கன்னியம்மாள் அவருக்கும் மூக்கு சிந்தும் துணியைப் பற்றி எச்சரித்தார் என்று கேள்வி.

அவர் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம் நான் கேட்டேன். "அக்கா, நாங்க எல்லாரும் உங்ககிட்ட வந்து அழுதோம். நீங்க எங்க போய் அழுவீங்க?"

"நான் இன்னாத்துக்கு அழுவறேன்? சண்ட போட்டுடுவேன் சார். சண்ட போட முடியாதவங்களுக்குத்தான் இந்த ரூம்பு" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அன்னிக்கு ஜி.எம். என்னையே பொய் சொல்றேன்னாரு பாருங்க, அன்னிக்கு மட்டும் முட்டிகினு வந்துச்சு. அதுக்குள்ள நீங்க எழுந்துட்டீங்க" என்றார். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த நல்ல சான்றிதழ் அதுதான். அதைச் சட்டம் போட்டு மாட்ட முடியாது என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

அக்காவிடமிருந்து நான் எதை வைத்துக்கொண்டேன் என்று தனசேகர் கேட்டிருந்தார். இப்போது நான் இருக்கும் மண்டபத்தில் துணியெல்லாம் வாடகைக்கு வந்து போகிறது, லினன் ரூம் கிடையாது. அங்கே சேர்ந்த முதல் நாளே ஆட்களிடம், "எனக்குக் குரல் ஏறும். ஏறினா நேரா என்கிட்ட சொல்லுங்க" என்று சொல்லிவைத்தேன். ஒருவரும் சொல்லவில்லை. மேலாளர் அப்படித்தான் சொல்வார், நம்பிச் சொன்னால் வேலை போகும் என்று அவர்களுக்குத் தெரியாதா? மாதக்கணக்கில் நான் ஏறியபோதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஏறி இறங்கிய பிறகு நானே போய், "இப்போ கத்திட்டேன், தப்பு" என்று சொல்வதை மட்டும் விடவில்லை.

கன்னியம்மாளை எடுத்த மறுநாள் எனக்கு மனசு சரியில்லை. மதியப் பந்தியில் ஏதோ ஓர் இலையில் கூட்டு வைக்க மறந்திருந்தார்கள். நான் ஆரம்பித்துவிட்டேன். பரிமாறும் செல்வி, கையில் சாம்பார் வாளியோடு, விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் பக்கம் திரும்பினாள். "சார், கத்துறீங்க" என்றாள். காது இரண்டும் சூடாகிவிட்டது. பந்தியே கை நிறுத்திப் பார்த்தது. "ஆமாம்மா, கத்திட்டேன். மன்னிச்சிக்கோ" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு, அடுத்த இலைக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டு போனாள்.